திறப்பைத் திருப்பிக் கொடுத்தல்

அந்தப் பெண் எங்கள் படலையடியில் வந்து நின்ற பின்னேரம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. "ஐயா, நான் அனுப்பின கடிதத்தைத் திருப்பித் தாங்கோ" என்றார்.

அவர் கேட்டது காகிதக் கடிதம் அல்ல. மகனின் உயர்தரப் படிப்புக்கு உதவி கேட்டு எங்கள் ஊர் உதவிக் குழுவுக்கு அனுப்பிய மின்னஞ்சல். கணவரின் உடல்நிலை, கடன், அடகில் இருந்த தாலிக்கொடி எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். ஐந்தாம் நாள் ரொறன்ரோவில் இருந்து தங்கை தொலைபேசி எடுத்து, "அக்கா, இவ்வளவு கஷ்டம் எண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று அழுதிருக்கிறார். தங்கைக்குச் செய்தியைச் சொன்னவர் எங்கள் குழுவில் கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். சீமெந்து விலைப்பட்டியல் வந்துவிட்டதா என்று பார்க்கப் பெட்டியைத் திறந்திருக்கிறார். மேலே கிடந்த கடிதம் கண்ணில் பட்டிருக்கிறது. வாசித்து மனம் இளகி, ஒரு கலியாண வீட்டில் அந்தத் தங்கையைக் கண்டபோது, உதவட்டும் என்ற எண்ணத்தில் பேச்செடுத்திருக்கிறார்.

அவருடைய மனதில் துளி கெடுதலும் இல்லை. கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் அவனை விலத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம். செய்தவர் நல்லவர் என்பதால், பிழை எங்கள் ஒழுங்கிலேயே இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

"பிள்ளை, அதைத் திருப்பித் தரேலாது. பதினாலு பேர் பாக்கிற பெட்டியிலை அது கிடக்குது" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

எங்கள் ஒழுங்கு இதுதான். ஒரு ஜிமெயில் முகவரி, ஒரு கடவுச்சொல், பதினான்கு பேர். எங்கள் ஊரான உடுப்பிட்டியில் ஆறு பேர், கொழும்பில் மூவர், இலண்டனில் இருவர், ரொறன்ரோவில் மூவர். வேலைகளோ ஐந்து: மாணவர் உதவி, முதியோர் மருத்துவ உதவி, வாசிகசாலை, கட்டட வேலை, கணக்கு. ஐந்து வேலைக்கும் வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் விழுந்தன. கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொன்னோம், வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், வாசிகசாலைக் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதியும் வைத்தோம். 2014ல் இருந்து அது மாறவே இல்லை. குழுவை விட்டுப் போனவர்களிடமும் அது இருந்தது. "எங்கட ஆக்கள்தானே" என்பதே எங்கள் பாதுகாப்பு ஏற்பாடு.

1969ல் எழுதுவினைஞர் சேவையில் சேர்ந்து 2006ல் பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன் நான். நான் வேலை செய்த கச்சேரிகளில், அதாவது அரச அலுவலகங்களில், இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. காலையில் வரும் தபாலை ஒருவர்தான் உடைப்பார். திகதி முத்திரை குத்தி, பதிவேட்டில் இலக்கம் போட்டு, எந்த விடயத்துக்குரியதோ அந்த இலிகிதரின் பெயரை ஓரத்தில் குறிப்பார். காணி இலிகிதரின் மேசைக்குப் போகும் கடிதத்தை ஓய்வூதிய இலிகிதர் பார்ப்பதில்லை. அவர் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது அவருடைய வேலை இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே சுருக்கொப்பமும் திகதியும் இருக்கும். இருபது வருடம் கழித்துக் கோவையைத் திறந்தாலும் யார் எதைக் கண்டார், யார் என்ன சொன்னார் என்று வரிசையாக வாசிக்கலாம். பணப்பெட்டிக்கு இரண்டு திறப்புகள், இரண்டு உத்தியோகத்தர்கள். ஒருவர் மட்டும் நின்று அதைத் திறக்க முடியாது.

மாற்றலாகிப் போகிறவர் போகிற நாளில் பொறுப்பு ஒப்படைப்பார். கோவைகளின் பட்டியல், லாச்சித் திறப்பு, அலுமாரித் திறப்பு, முத்திரை எல்லாம் எழுதி, கொடுத்தவரும் எடுத்தவரும் கையொப்பம் வைப்பார்கள். திறப்பை வாங்கிவிட்டார்களே என்று ஒருவரும் முகம் சுளித்து நான் கண்டதில்லை. தேநீரும் வடையும் வைத்து, மாலை போட்டு அனுப்பினோம். அத்தனை வருடம் அந்த ஒழுங்குக்குள் இருந்துவிட்டு, ஊரில் ஒரு நல்ல காரியம் என்று வந்தபோது அதை ஏன் வெளியில் விட்டுவிட்டு வந்தேன் என்று பலமுறை யோசித்தேன். ஊர் என்றால் வீடு, வீட்டுக்குள் பதிவேடு எதற்கு என்ற நினைப்புத்தான்.

ஆனால் ஊரும் அப்படி இருந்ததில்லை. எங்கள் பகுதியில் தோட்டக்காணி வாங்கியவர்கள் உறுதியை எடுத்து வாசித்துப் பாருங்கள். காணியின் பரப்பும் எல்லையும் சொல்லி முடிந்த கையோடு, கிணற்றில் எத்தனை பங்கு, வழிவாய்க்கால் பாத்தியதை என்ன என்று எழுதியிருக்கும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு இது. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே நிற்கும் தண்ணீர்தான் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் எங்களுக்கும். ஒரு கிணற்றை நாலு பேர், எட்டுப் பேர் பங்குபோட்டு இறைத்து வாழ்ந்திருக்கிறோம். பங்குக்கிணறு என்ற சொல்லைக் கேட்டதும் ஒற்றுமை என்று வெளியூரவர் நினைப்பார்கள். எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது முறை. இன்றைக்கு யாருடைய முறை, எந்த வாய்க்காலால் தண்ணீர் போகும், கிணறு தூர்வாரும்போது யார் எவ்வளவு கொடுப்பது. ஒருவர் தன் பங்கை விற்றால் மற்றப் பங்காளிக்கு முதலில் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையில் இருக்கிறது. 1707ல் ஒல்லாந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அந்த வழமைகளைத் தொகுத்தபோது, பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரியென்றார்கள். அந்த முன்னுரிமைக்கென்று 1947ல் தனிக் கட்டளைச் சட்டமும் வந்தது. கிணற்றுப் பங்குக்காக வழக்காடி ஒரு பரம்பரையையே பேசாமல் விட்ட குடும்பங்களும் இங்கே உண்டு. முறை எழுதாமல் விட்ட இடங்களில்தான் அது பெரும்பாலும் நடந்தது.

1995 ஒக்டோபர் 30ல், போரால், வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கும் எங்கள் வடமராட்சிக்கும் வந்தது. எங்கள் வளவில் ஒன்பது குடும்பங்கள். சேலைத் தலைப்பில் முடிந்த வீட்டுத் திறப்போடு வந்த தாய்மாரை நான் கண்டேன். வீடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது, திறப்பு மட்டும் முடிச்சுக்குள் இருந்தது. இரண்டாம் நாளே என் மாமி கிணற்றடியில் ஒரு ஒழுங்கு வைத்தார். குடிதண்ணீருக்கு ஒரு வாளி. அதை வேறு ஒன்றுக்கும் இறக்கக்கூடாது. குளிக்கிறவர்கள் கிணற்றுக்கட்டில் இருந்து தள்ளி நிற்க வேண்டும். குழந்தைத் துணி தோய்ப்பது பின்னேரம். சாமான் அறைத் திறப்பை வளவில் மூத்தவரான தன் தமையனிடம் கொடுக்காமல், ஒன்பது குடும்பத்துக்கும் சமைத்த சண்டிலிப்பாய்ப் பெண்ணிடம் கொடுத்தார். தமையன் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. "அரிசி அளக்கிறவளிட்டைத்தானே அண்ணை திறப்பு இருக்கவேணும்" என்று மாமி மெதுவாகத்தான் சொன்னார். மூன்றாம் நாள் அவரே விறகு பிளந்து கொண்டுவந்து அடுப்படியில் போட்டார். அத்தனை பேர் குடித்த அந்தக் கிணற்றுத் தண்ணீரால் எங்கள் வளவில் ஒரு குழந்தைக்கும் வயிற்றோட்டம் வரவில்லை.

இவ்வளவையும் கண்ட நான்தான் பதினான்கு பேருக்கு ஒரே வாளியைக் கொடுத்து வைத்திருந்தேன்.

அந்தப் பெண் வந்துபோன இரவு கொழும்பில் இருக்கும் பேத்திக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் ஒரு கம்பனியில் கணினி நிர்வாகம் பார்க்கிறாள். கதையைக் கேட்டுவிட்டு, "அம்மப்பா, உங்கட பெட்டியிலை ஆர் என்ன செய்தவை எண்டு பாக்கேலுமே?" என்று கேட்டாள். ஏலாது. பதினான்கு பேரும் ஒரே பெயரில் நுழைகிறோம். ஒரு கடிதம் காணாமல் போனால் பதினான்கு பேரும் சமமாகக் குற்றவாளிகள், சமமாக நிரபராதிகள். சுருக்கொப்பம் இல்லாத கோவை அது. அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது.

அடுத்து வந்த போயா விடுமுறைக்கு அவள் மடிக்கணினியோடு வந்தாள். இரண்டு நாள் விறாந்தையில் இருந்து எனக்குச் சொல்லித் தந்தாள். அதில் பாதி எனக்குப் புதிது. மறுபாதி கச்சேரியில் வேறு பெயர்களில் இருந்தது.

ஒரு பெட்டிக்குள் நுழையும் உரிமை என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்வது ஒன்றல்ல. மின்னஞ்சலைச் சேவையகத்திலேயே வைத்துப் பல இடங்களில் இருந்து பார்க்கும் ஐமாப் என்ற முறையை 1986ல் அமெரிக்காவில் மார்க் கிறிஸ்பின் வகுத்தார். அதில் பெட்டியைப் பகிர்வதற்கு 1997ல் ஒரு விதிமுறை வந்தது. 2005ல் அதைத் திருத்தி, உரிமைகளைப் பதினொன்றாக வகுத்தார்கள். பெட்டி இருக்கிறதென்று அறியும் உரிமை வேறு, உள்ளே வாசிக்கும் உரிமை வேறு, புதிதாக ஒன்றைப் போடும் உரிமை வேறு. முதல் விதிமுறையில் அழித்தலுக்கு ஒரே எழுத்துத்தான். திருத்தியபோது அழிக்கக் குறிபோடுவது, குறிபோட்டதை அடியோடு துடைப்பது, பெட்டியையே நீக்குவது என்று பிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மற்றவர்களுக்கு உரிமை கொடுக்கும் உரிமை தனியாக இருக்கிறது. அழித்தலைப் பிரித்த அந்த ஆட்கள் ஏதோ ஒரு கந்தோரில் பட்டு அனுபவித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

அவுட்லுக்கில் இதே உரிமைகளைக் கட்டுக்கட்டாக்கிப் பெயர் வைத்திருக்கிறார்கள். பார்வையாளருக்கு வாசிக்க மட்டும் முடியும். எழுதுநர் வாசிக்கலாம், புதிதாகப் போடலாம், தான் போட்டதை மட்டும் திருத்தலாம். தொகுப்பாளர் எல்லோருடையதையும் திருத்தவும் அழிக்கவும் முடியும். உரிமையாளர் இவற்றோடு பிறருக்குத் திறப்பும் கொடுப்பார். எனக்கு மிகவும் பிடித்தது பங்களிப்பவர் என்ற வகை. அவர் உள்ளே போடலாம், உள்ளே கிடப்பதைப் பார்க்க முடியாது. கோயில் உண்டியல். ஊரவர் தங்கள் கஷ்டத்தை வந்து போடும் இடம் அப்படித்தானே இருக்க வேண்டும்.

நான் முதலில் கேட்டது ஒரே பெட்டிக்குள் ஐந்து கோப்புறை போட்டு, ஐந்து குழுவுக்கும் தனித்தனி உரிமை கொடுக்கலாமா என்றுதான். கொடுக்கலாம் என்றாள். ஆனால் மூன்று இடத்தில் கால் இடறும் என்றாள். கீழே உள்ள கோப்புறையைக் காட்ட வேண்டுமென்றால் அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு படியிலும் "தெரியலாம்" என்ற அனுமதி வேண்டும். ஒரு படியில் விட்டுப்போனாலும் உரிமை உள்ளவருக்கே கோப்புறை தெரியாது. இரண்டாவது, புதிதாக ஒரு கோப்புறை போட்டால் தாய்க் கோப்புறையின் உரிமைகள் அந்த நேரத்தில் அதற்கும் வந்துவிடும். பிறகு தாயில் மாற்றியது ஏற்கெனவே உள்ள பிள்ளைகளுக்குத் தானாகப் போகாது. ஒருவரை மேலே நீக்கிவிட்டோம் என்று நினைத்திருப்போம், கீழே அவர் இருந்துகொண்டே இருப்பார்.

மூன்றாவதுதான் பெரியது. "அம்மப்பா, வாற கடிதம் முதல்ல எங்கை விழும்?" இன்பொக்ஸில். அங்கிருந்து மாணவர் உதவிக் கோப்புறைக்கு யாராவது எடுத்துப் போட வேண்டும். எடுத்துப் போடுகிறவர் வாசித்துத்தான் போடுவார். இன்பொக்ஸ் எல்லோருக்கும் திறந்திருந்தால் உள்ளே போடும் பூட்டுகளால் பயன் இல்லை. அந்தப் பெண்ணின் கடிதம் மேலே கிடந்தது, கட்டட வேலைக்காரர் கண்ணில் பட்டது எல்லாம் எனக்கு அப்போதுதான் சரியாக விளங்கியது. "ஒரு அறைக்குள்ளை ஐஞ்சு பூட்டுப் போடாதேங்கோ. ஐஞ்சு அறை கட்டுங்கோ. படலையே வேறயா இருக்கவேணும்" என்றாள்.

சாதாரண ஜிமெயிலில் பத்துப் பேர்வரை பிரதிநிதிகளாகச் சேர்க்கலாம், ஆனால் சேர்த்தவர் முழுப் பெட்டியையும் பார்ப்பார். அதனால் குழுவின் பெயரில் ஒரு இணைய முகவரி எடுத்து, மைக்ரோசொப்ட் சேவையில் ஐந்து பகிர்பெட்டிகள் திறந்தோம். பகிர்பெட்டிக்கென்று தனிக் கட்டணம் இல்லை, ஒவ்வொன்றும் 50 ஜீபி வரை கொள்ளும். பெட்டிக்கு நேரே கடவுச்சொல் போட்டு நுழைய முடியாதபடி அடைத்துவிட்டோம். ஒவ்வொருவரும் தன் பெயரில் உள்ள நுழைவாயிலால்தான் வர வேண்டும். உரிமையை ஆளுக்குக் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுத்தோம். "மாணவர் உதவி" என்று ஒரு குழு, அதில் நாலு பேர். ஒருவர் விலகினால் அந்தக் குழுவில் இருந்து பெயரை எடுத்தால் போதும், எங்கெங்கே திறப்பு இருக்கிறது என்று தேடித் திரிய வேண்டாம். இதில் ஒரு சிரமமும் இருக்கிறது, சொல்லிவிட வேண்டும். ஆளுக்கு நேரே முழு உரிமை கொடுத்தால் அவுட்லுக்கில் பெட்டி தானாக வந்து நிற்கும். குழுவால் கொடுத்தால் வராது, ஒவ்வொருவரும் ஒருமுறை கையால் சேர்க்க வேண்டும். எழுபது தாண்டிய மூன்று பேருக்கு நான் வீடு வீடாகப் போய்ச் சேர்த்துக் கொடுத்தேன். அந்தச் சிரமம் ஒரு நாளோடு முடிந்தது.

வாசித்த அடையாளம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு அதனாலும் ஒரு கேடு வந்தது. பழைய பெட்டியில் ஒருவர் கடிதத்தைத் திறந்தால் எல்லோருக்கும் அது வாசித்ததாகவே தெரியும். வாசிகசாலைக் கூரைக்கு வந்த விலைமனு ஒன்றை யாரோ திறந்து மூடிவிட்டார். மற்றவர்கள் எல்லோரும் யாரோ பார்த்துக்கொண்டார் என்று நினைத்தோம். மூன்று கிழமை போய், விலையும் ஏறி, மாரி மழை புத்தகத்தில் இறங்கியது. பகிர்பெட்டியிலும் இந்தக் குணம் மாறாது. அதனால் இப்போது கடிதத்தை எடுக்கிறவர் தன் பெயர் போட்ட நிறக்குறியை அதில் வைக்க வேண்டும். தபாலின் ஓரத்தில் இலிகிதரின் பெயரைக் குறிப்பது போலத்தான். குறி இல்லாத கடிதம் அனாதைக் கடிதம். பின்னேரம் ஆறு மணிக்கு அனாதைக் கடிதம் இருக்கக்கூடாது.

பதில் அனுப்புவதிலும் அப்படி ஒன்று. பெட்டியின் பெயரில் அனுப்புவது வேறு, பெட்டியின் சார்பில் இன்னார் அனுப்புகிறார் என்று தெரிய அனுப்புவது வேறு. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். கடிதம் பெறும் தாய்க்குத் தன்னோடு பேசுகிறவர் யார் என்று தெரிய வேண்டும். இதோடு ஒரு சிறு அமைப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாவிட்டால் அனுப்பிய பதிலின் பிரதி அனுப்பினவரின் சொந்தப் பெட்டியில்தான் தங்கும், பகிர்பெட்டியில் தங்காது. பக்கத்தில் இருக்கிறவர் பதில் போகவில்லை என்று நினைத்து இன்னொரு பதில் போடுவார். ஒரு பிள்ளைக்கு உதவி உண்டென்றும் இல்லையென்றும் ஒரே நாளில் இரண்டு கடிதம் போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும்?

எல்லாப் பெட்டிகளுக்கும் மேலான நிர்வாகத் திறப்பை இரண்டு பேரிடம் கொடுத்தோம். ஒருவர் உடுப்பிட்டியில், ஒருவர் கடலுக்கு அப்பால். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டி, குடாநாடு வெளியோடு துண்டிக்கப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை. எல்லாத் திறப்பும் இங்கே இருக்கக்கூடாது, எல்லாத் திறப்பும் அங்கே இருக்கவும் கூடாது.

பேத்தி போகும்போது இன்னொன்றையும் சொல்லிப் போனாள். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க முகிற்கணினி தாக்கப்பட்டு, அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 அந்த வருடம் மே 17ல் இருந்து ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களை இழந்தன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அதற்குள் இருந்தன. பாவித்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற பழைய மென்பொருள். தயாரித்த கம்பனி அதற்கான ஆதரவை அந்த ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டிருந்தது. 2021ல் இருந்து புதுப்பிக்கத் திட்டம் இருந்தும் பணத்தாலும் சபைத் தீர்மானங்களாலும் பிந்தியது என்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் சொன்னது. அந்த மூன்று மாதக் காலத்துக்குத் தனியே எடுத்துவைத்த பிரதி இருக்கவில்லை. அதைக் கேட்ட அன்று எனக்கு நினைவில் வந்தவர்கள் சாதாரண சனம்தான். ஓய்வூதியத்துக்கு எழுதியவர், காணிக்கு எழுதியவர், பதிலுக்காகக் காத்திருந்தவர். திறப்பை எவ்வளவு ஒழுங்காகப் பங்கிட்டாலும் வீட்டுச் சுவர் உக்கிப்போனால் என்ன செய்வது? மாதக் கடைசியில் ஐந்து பெட்டிகளின் பிரதியையும் ஒரு வன்தட்டில் எடுத்து, இணையத்தில் இருந்து கழற்றி, கணக்குப் பார்ப்பவர் வீட்டு அலுமாரியில் பூட்டி வைக்கிறோம்.

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு நாள் வேலை. மிச்சம் மூன்று மாதம் எடுத்தது.

குழுவில் இருந்தவர்களுக்கு இனி எல்லாப் பெட்டியும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்களில் வெளிநாட்டில் இருந்தவர்கள் இரவில் வேலை முடிந்து வந்து, பனி கொட்டும் ஊரில் இருந்து எங்கள் ஊருக்காகக் காசு சேர்த்தவர்கள். அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பது அவர்களுக்கு உடுப்பிட்டிச் சந்தியில் வந்து நிற்பது போல. யாருக்குச் சுகமில்லை, யாருடைய பிள்ளை பாஸ் பண்ணியிருக்கிறது, எந்த மதில் விழுந்தது எல்லாம் அதற்குள் இருந்தது. திறப்பை வாங்கினால் அவர்களுக்கு அது ஊருக்குள் வராதே என்று சொன்னது போல இருக்கும். ஒருவர் என்னிடம் நேரடியாகவே கேட்டார்: "அண்ணை, என்னை நம்பேல்லையோ?"

அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. நம்பிக்கை இல்லை என்பது பொய். நம்பிக்கை இருக்கிறது, ஆனால் திறப்பு இல்லை என்று சொன்னால் வெறும் வார்த்தை. எங்கள் சமூகத்தில் திறப்பு என்பது மரியாதை. கல்லாப்பெட்டித் திறப்பு யாருடைய இடுப்பில் இருக்கிறதோ அவர்தான் வீட்டுக்குப் பெரியவர். கொடுப்பது பட்டம் கட்டுவது போல, வாங்குவது பட்டத்தை இறக்குவது போல. அதனால்தான் எங்கள் சங்கங்களில் பதவிக்கு வந்தவர் இறங்குவதில்லை, இறங்கினவர் திறப்பை விடுவதில்லை, அதைக் கேட்க மற்றவருக்கு வாய் வருவதில்லை. வேண்டாத கோபங்கள் எத்தனை இப்படி வளர்ந்திருக்கின்றன!

பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் சொல்லாமல், நடந்ததை மட்டும் எல்லோருக்கும் எழுதினேன். கட்டட வேலைக்காரருக்குத் தனியே தொலைபேசி எடுத்து முன்கூட்டியே சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான்தானே அண்ணை அது" என்றார். "ஓம் தம்பி. ஆனா அந்தப் பெட்டியை உமக்குத் திறந்துவிட்டது நான்" என்றேன்.

கடிதத்தின் கீழ்ப்பாதியில் ஒரு ஒப்படைப்புப் படிவம் வைத்தேன், கச்சேரியில் வைத்த அதே ஒழுங்கில். இன்ன பெட்டி, இன்ன உரிமை, இன்ன திகதியில் இன்னாரிடம் ஒப்படைக்கிறேன். முதல் பெயர் என்னுடையது. குழுவைத் தொடங்கியவன், வயதில் மூத்தவன். ஆனால் அப்போது என் கையில் மாணவர் உதவியும் இல்லை, மருத்துவ உதவியும் இல்லை, கட்டட வேலையும் இல்லை. வாசிகசாலைக்குப் புத்தகம் தெரிவது மட்டும்தான் என் வேலை. ஐந்தில் நாலை ஒப்படைத்தேன். நிர்வாகத் திறப்பு வைத்திருக்கும் இருவரில் ஒருவராக என்னை இருக்கச் சொன்னார்கள். முப்பத்தைந்து வயதான செயலாளருக்கு அதைக் கொடுக்கச் சொன்னேன். அவர் என்னைவிட நாற்பது வருடம் கூட இருப்பார், நுழையும்போது கைத்தொலைபேசியில் வரும் இரண்டாம் குறியீட்டைக் கண்ணாடி தேடாமல் வாசிப்பார்.

பேத்தி திரும்ப வந்தபோது மடிக்கணினியில் என் பெயரை நாலு குழுவில் இருந்தும் ஒவ்வொன்றாக எடுத்தாள். நாலாவதை எடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தாள். எடு பிள்ளை என்றேன். ஏதோ ஒரு வெறுமை வந்தது உண்மை. கந்தோரை விட்டு வந்த நாளிலும் இப்படித்தான் இருந்தது, லாச்சித் திறப்பு இல்லாத சட்டைப்பை பாரமில்லாமல் இருந்தது.

என் பெயர் போன கிழமைக்குள் மற்றவர்களின் படிவங்களும் வரத் தொடங்கின. "என்னை நம்பேல்லையோ" என்று கேட்டவர் கடைசியில் அனுப்பினார், அதுவும் கையால் எழுதிப் படமெடுத்து. வருடத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு முதல் கிழமை, யாரிடம் எந்தத் திறப்பு இருக்கிறது என்று செயலாளர் பட்டியல் போட்டு வாசிக்கிறார். வேலை மாறினவர் அன்றைக்கே ஒப்படைக்கிறார். அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் போகிறது. ஊர்ச் செய்தி அறிய விரும்புகிறவர்களுக்கு மாதம் ஒரு மடல் எழுதுகிறோம். யாருடைய கஷ்டமும் அதில் இல்லை. மழை, கோயில் திருவிழா, பிள்ளைகளின் பெறுபேறு, 1852ல் தொடங்கிய எங்கள் அமெரிக்க மிஷன் கல்லூரி மைதானத்தில் நடந்த பந்தாட்டம். அந்த மடல் பிந்தினால் ரொறன்ரோவில் இருந்து ஏன் பிந்துது என்று கேட்டு எழுதுகிறார்கள்.

போன மாசியில் வாசிகசாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேலிக்கரையில் அந்தப் பெண் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். மகனுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது என்று பேச்சில் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன்.

"ஐயா, திரும்பவும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறன்" என்றார். "பாத்தனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. அந்தப் பெட்டி இப்ப என்னட்டை இல்லை. நாலு பேர்தான் பாப்பினம்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளில் ஏறி, "அப்ப சரி ஐயா" என்று சொல்லிவிட்டு நெல்லியடிப் பக்கம் போனார். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தார் என்று எனக்குத் தெரியாது.